கிள்ளான் ரோட்டில் அரை மணிக்கு ஒரு பஸ்

அய்யாவு பஸ் ஓட்டத் தொடங்கி ஆறு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. 1932-ஆம் வருஷம் மலாய் நாட்டுப் பிரிக்ஃபீல்ட்ஸில் இதைச் சொன்னால் யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். அங்கிருந்து கிள்ளானுக்கு ஓடிய ஐந்து சின்ன பஸ்களில் அவருடையதுதான் எல்லாவற்றிலும் வேகமானது.

பஸ் என்று சொல்வதே அதிகம். ஒரு மோட்டார் காரின் பின்பக்கத்தை வெட்டி, மரப்பெட்டி கட்டி, இரண்டு பெஞ்சு போட்டிருப்பார்கள். ஏழு பேர் உட்காரலாம் என்று வெளியே எழுதியிருக்கும். உள்ளே ஒன்பது பேர் இருப்பார்கள். அவற்றுக்கு நேரம் என்று ஒன்றும் கிடையாது. ரோட்டோரம் நிற்கிற ஆட்களை யார் முதலில் போய் ஏற்றுகிறாரோ அவருக்கு வண்டி நிறையும். பின்னால் வருபவருக்கு வெறும் பெஞ்சு. அதனால் ஐந்து டிரைவர்களும் காலையிலிருந்து இருட்டும்வரை ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

அய்யாவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் போட வந்தவர். மகன் ஸ்டியரிங் பிடித்தது குடும்பத்தில் பெரிய பேச்சு. ஆள் ஒல்லி, சட்டையை எப்போதும் கஞ்சி போட்டு உடுத்துவார். அந்தச் சட்டையின் காலர் அந்த வருஷம் அவர் கழுத்துக்குப் பெரிதாகிப்போனது. மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்து, ஒரு கையால் பிசைந்து, மறு கையால் வண்டி ஓட்டினார். பாதி நாள் அதுவும் இல்லை. பால் விடாத காப்பிதான். வயிறு எரிந்தால் இன்னொரு காப்பி. வண்டியை நிறுத்திய பிறகும் வலது முழங்கால் வெடவெடவென்று ஆடும். ஞாயிற்றுக்கிழமை பாயில் சாய்ந்து கண்ணை மூடினால், கால் தானாக எதையோ அழுத்தும்.

"உங்க காலு பாயில கூட பஸ் ஓட்டுது," என்றாள் அவர் மனைவி பவுனம்மாள். ரயில்வே அதிகாரிகளின் வீடுகளில் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள்; களைப்பு என்றால் என்ன என்று தெரியாதவள் இல்லை.

"எல்லாருக்கும் சூசாதான், கஷ்டந்தான். எனக்கு மட்டுமா?" என்று எரிந்து விழுந்தார் அய்யாவு. மறுநாள் அவள் சாப்பாட்டில் மிளகாயைக் குறைத்தாள். அதற்கும் சண்டை வந்தது.

துரத்துபவர்களில் அவருக்குச் சரியான எதிரி கிஃபாயத்துல்லா. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், பத்து வயது மூத்தவர், தடித்த உடம்பு, பச்சை பஸ். இரண்டு பேரும் டீக்கடையில் பார்த்தால் சிரித்துப் பேசுவார்கள். ரோட்டில் பார்த்தால் பேச்சு ஹாரனில்தான்.

அந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே பச்சை பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த திருப்பத்துக்கு அப்பால் தோட்டத்து ஜனங்கள் நிற்பார்கள் என்று இருவருக்கும் தெரியும். அய்யாவு வலப்பக்கமாக ஏறினார். இரண்டு வண்டியும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி ஓடின. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது.

பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங்கை ஒடித்ததும்தான் அவருக்கு நினைவிருந்தது. பஸ் லாலாங் புல்லைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒரு கிழவருக்கு முட்டி சிராய்த்திருந்தது, ஓர் அம்மாவின் முட்டைக்கூடை போயிற்று. அய்யாவு கடைசியாக இறங்கி, ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். காப்பித் தூளைக் கரைத்துக் கொட்டியது போலக் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

போய்விட்ட பச்சை பஸ் பின்பக்கமாகவே திரும்பி வந்தது. கிஃபாயத்துல்லா குதித்து இறங்கினார்.

"யா அல்லா! தம்பி, இது ரத்தம்ப்பா. எந்திரி, ஏறு."

"பாய், என் வண்டி..."

"வண்டி எங்க போயிடப் போவுது? ஏறுலா!"

அன்று கிஃபாயத்துல்லா வழியில் யாரையும் ஏற்றவில்லை. தோட்டத்து ஜனங்கள் கை நீட்ட நீட்ட, நேரே கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஜெயராஜ் என்று ஒரு டிரெசர், டாக்டரின் உதவியாளர். டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, புரிகிற பாஷையில் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வது அவர் வழக்கம். கட்டில் ஓரமாக உட்கார்ந்து அய்யாவின் மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க புண்ணு. காஞ்ச வயித்துல காப்பிய ஊத்தி ஊத்தி வந்தது. பாதி அதுதான். மீதி உன் வேலை."

"வேலை எப்படிங்க ஐயா வயித்துக்குள்ள போவும்?"

"பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சா உனக்கு என்ன ஆவுது?"

அய்யாவு யோசித்தார். "வயித்த யாரோ கையால பிழியுற மாதிரி இருக்கும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

அய்யாவு விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"மருந்து தரேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், அப்புறம் குழைஞ்ச கஞ்சி. புண்ணு ஆறிடும். நீ மறுபடி அதே மாதிரி ஓடினா மறுபடி வரும். அப்ப இங்க வந்து சேருவியான்னு என்னால சொல்ல முடியாது."

மூன்று வாரம் படுக்கை. பவுனம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் ரயிலேறி வந்தாள். இரண்டாம் வாரத்தில் அவருக்கு முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அவள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"சித்திரை மாசத்துல ஒரு நாளு, நான் ரோட்டோரமா மழையில நின்னேன். உங்க பஸ்தான் வந்துச்சு. கைய காமிச்சேன். நீங்க நேரா என் மூஞ்சியப் பாத்தீங்க. நிக்காம போயிட்டீங்க."

"நான் பாக்கலையே!"

"பாத்தீங்க. ஆனா நான்னு தெரியல உங்களுக்கு. அதான் எனக்கு பயமா போச்சு."

அய்யாவு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றுப் புண்ணைவிட அது அவரை உலுக்கியது. மழையில் நின்ற மனைவியின் முகம் தன் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை என்றால், நாளைக்கு எதிரே ஒரு குழந்தை நின்றாலும் அப்படித்தானே?

அவர் படுத்திருந்த வார்டின் ஜன்னல் பெரிய ரோட்டைப் பார்த்தது. வேலை இல்லாத மனிதர் என்பதால் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாகக் கத்திக்கொண்டு போகும். பிறகு ஒரு மணி நேரம் ரோடு காலியாகக் கிடக்கும். ஜனங்கள் வெயிலில் நின்று அலுத்து நடக்கத் தொடங்குவார்கள். அப்புறம் மறுபடி இரண்டு பஸ் ஒன்றாக வரும். நான்கு நாள் இதையே பார்த்தார். உள்ளே இருந்து ஓட்டும்போது தெரியாத ஒன்று படுக்கையிலிருந்து தெரிந்தது. இத்தனை ஓட்டத்திலும் ஒரு ஆள்கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஏறவேண்டிய சிலர் நடந்துதான் போனார்கள்.

பார்க்க வந்த கிஃபாயத்துல்லாவிடம் அதைச் சொன்னார். "பாய், போக ஒரு மணி, வர ஒரு மணி. கிள்ளான்ல அரை மணி சாப்பாடு. அஞ்சு வண்டி, அரை மணிக்கு ஒண்ணா விட்டா சுத்தி சுத்தி சரியா வருது. யாரும் யாரையும் துரத்த வேணாம்."

கிஃபாயத்துல்லா சிரித்தார். "ஆஸ்பத்திரி பால் குடிச்சு உனக்கு மூளை வெளுத்துப் போச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா பாய்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "தலை சுத்துதுப்பா. ரெண்டு மாசமா. சில நேரம் ரோடு ரெண்டா தெரியுது. வீட்டுல சொல்லல. நீ பள்ளத்துல இறங்கின அன்னிக்கும் அப்படித்தான் இருந்தது."

அதன் பிறகு அவர்தான் மற்ற டிரைவர்களைக் கூட்டினார்.

வேலைக்குத் திரும்பிய அன்றே அய்யாவு தன் தவுக்கேயிடம் போய் நின்றார். பஸ்ஸின் சொந்தக்காரரான அந்தச் சீனர், அரை மணி சாப்பாட்டுக்கு வண்டி சும்மா நிற்பதா என்று மலாயில் கேட்டார். அய்யாவும் மலாயிலேயே பதில் சொன்னார்: "மூணு வாரமா வண்டி பட்டறையில சும்மாதானே நின்னுச்சு, தவுக்கே? ஒரு மாசம் குடுங்க. சரிப்படலைன்னா வேற ஆளைப் போட்டுக்குங்க." தவுக்கே அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு மாசம் என்று விரலைக் காட்டினார்.

ஐந்து டிரைவர்களும் கிள்ளானில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தார்கள். இரண்டு தமிழர்கள், ஒரு மலாய்க்காரர், இரண்டு சீனர்கள். கடைச் சுவரில் இருந்த கடிகாரமே எல்லோருக்கும் பொது என்று முடிவாயிற்று. ஆ கியோங் என்ற இளம் சீன டிரைவருக்கு மட்டும் சம்மதமில்லை. யாராவது ஏமாற்றினால் யார் பிடிப்பது என்று கேட்டான். யாரும் பிடிக்க வேண்டாம் என்றார் அய்யாவு. அந்தப் பதில் மற்றவர்களுக்கே அவ்வளவு பிடிக்கவில்லை.

முதல் வாரமே ஆ கியோங் ஏமாற்றினான். அய்யாவின் முறைக்குப் பத்து நிமிஷம் முன்னால், காத்திருந்த எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கிளம்பினான். அய்யாவு அப்போது கடை பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தம் கேட்டதும் வயிறு பழையபடி இறுகியது. வலது கால் பெஞ்சுக்கு அடியில் தரையை அழுத்தியது.

"அண்ணே, போறான் பாருங்க! விடாதீங்க, பத்து தீகாவுக்குள்ள முந்திரலாம்!" என்றார் பஸ்ஸுக்காக நின்ற, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர்.

அய்யாவு அடுத்த கவளத்தை எடுத்தார். "மணி ஆகட்டும்ங்க. நான் சாப்பிட்டுட்டு வரேன்."

அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அந்தச் சோற்றின் ருசியே தெரியவில்லை என்று பின்னாளில் பவுனம்மாளிடம் சொன்னார். ஆனாலும் மென்று விழுங்கி, கை கழுவி, கடிகாரம் பார்த்துத்தான் எழுந்தார். அன்று கிராணியும் இன்னொருவரும் மட்டும் ஏறினார்கள். ரோட்டில் மெதுவாக ஓட்டினார். திருப்பத்தில் நின்ற தோட்டத்து ஜனங்களை ஆ கியோங் இடமில்லாமல் விட்டுப் போயிருந்தான். அவர்கள் ஆறு பேரும் ஏறினார்கள். இனி எப்போது வருவீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். அவர் நேரத்தைச் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார். மற்ற மூவரும் சொன்னார்கள்.

மாசம் முடிவதற்குள் ஜனங்கள் நேரத்தைப் பழகிக்கொண்டார்கள். வெயிலில் காய வேண்டியதில்லை, வீட்டு வேலையை முடித்துவிட்டு வரலாம். முந்திக்கொண்டு ஓடிய ஆ கியோங்குக்கு இப்போது நிறுத்தங்களில் ஆளே இல்லை. ஒருநாள் காப்பிக்கடைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தான். கிஃபாயத்துல்லா ஏதோ குத்தலாகச் சொல்ல வாயெடுத்தார். அய்யாவு அவர் தொடையைத் தட்டி அடக்கிவிட்டு, "மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். இல்லை என்று அவன் தலையாட்டினான். கடைக்காரர் இன்னொரு தட்டு வைத்தார்.

எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. அடுத்த தீபாவளிக் கூட்டத்தில் ஆசைப்பட்டு இரண்டு நாள் சாப்பாட்டை விட்டதில் வயிற்றில் எரிச்சல் மறுபடி வந்தது. இந்த முறை அவர் காத்திருக்கவில்லை. சாவியைத் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு நான்கு நாள் வீட்டில் படுத்துக் கஞ்சி குடித்தார். கிஃபாயத்துல்லாவும் ஜெயராஜைப் பார்த்து, உப்பைக் குறைத்து, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு எடுத்தார். தலைசுற்றல் முழுக்கப் போகவில்லை, குறைந்தது.

1936-இல் தவுக்கே பதினெட்டுப் பேர் உட்காரும் புது பஸ் ஒன்று வாங்கினார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து காஜாங் வழியாகச் சிரம்பானுக்கு ஓட்ட நல்ல டிரைவர் வேண்டும் என்று அய்யாவைக் கூப்பிட்டனுப்பினார். வண்டி வெயிலில் பளபளவென்று நின்றது. அய்யாவு அதைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, கதவைத் திறந்து மூடினார். முகத்தில் ஆசை தெரிந்தது.

"இந்த ரூட்டுல சாப்பாடு எத்தனை மணிக்கு, தவுக்கே?" என்று கேட்டார்.

தவுக்கே அதை யோசித்திருக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். சரி, நானும் அதுவரை யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அய்யாவு தன் சின்ன பஸ்ஸை நோக்கி நடந்தார். அதற்குக் கிளம்ப இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.