மாமியார் வீட்டுக்கு மேலே

மாமியார் வீட்டார் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு விமானத்தின் பெட்ரோலையே தீர்த்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. மதுரையில் விமானம் ஓட்டப் பழகிப் புதிதாக லைசென்ஸ் வாங்கியிருந்தேன். இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய் ராஜபாளையத்தில் மாமியார் வீட்டுக்கு மேல் வட்டமடித்தேன். மாடியில் ஒருவரும் தலைகாட்டவில்லை. இன்னும் தாழப் பறந்து சுற்றினேன். பெட்ரோல் முள் இறங்கியிருந்தது. அந்த முள் பொய் சொல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி சுற்றினேன்.

திரும்பும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தபோது எஞ்சின் இருமிவிட்டு நின்றது. அதன் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

"ஏங்க, ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பெட்ரோல் தீந்துபோச்சு."

"எறங்கப் போறோமா, விழப் போறோமா?"

"எறங்கப் போறோம்."

"எத வச்சுச் சொல்லுதீங்க?"

கீழே இறங்க இடம் தேடினேன். வன்னியம்பட்டிப் பக்கம் வற்றிய கண்மாய் ஒன்று தெரிந்தது. கரை நெடுகப் பனைமரங்கள். மூக்கைத் தூக்கினால் வேகம் செத்துக் கல்லாக விழுவோம். தாழ்த்தினால் பனையில் மோதுவோம். அவள் என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தாள். சக்கரத்தில் ஓலை உரசியது. அடுத்த நொடி தரை வந்து முதுகில் அறைந்தது. வெடித்துக் காய்ந்த மண்ணில் குதித்துக் குதித்து ஓடி, கருவேலம் புதரில் முட்டி நின்றோம். இருவருக்கும் கீறல்கூட இல்லை.

சாயங்காலம் பஸ் பிடித்து மாமியார் வீட்டுக்குப் போனோம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு மாமியார் சொன்னார்:

"அது நீங்கதானா மாப்பிள? பருத்திக்கு மருந்தடிக்கிற பிளேன்னு நெனச்சு, காயப்போட்ட வத்தல அள்ளிக்கிட்டு வந்து கதவச் சாத்திட்டோம்."