ஓரிக்கையில் நின்ற ரயில்

ஓரிக்கைக்கு ரயில் கிடையாது. பாலாற்றங்கரை ஊர், பஸ் போகும், ஆட்டோ போகும், தெம்பிருந்தால் நடந்தேகூடப் போய்விடலாம். ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டு மாடியில் ஓரிக்கை என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, ஓட்டுக் கூரை, ஒரு வேப்பமரம், ஒரு பெஞ்சு, பெஞ்சில் ஓர் ஆள். அந்த ஆள் ஒருநாள் பட்டப்பகலில், எங்கள் எல்லாரையும் அறைக்குள் வைத்துக்கொண்டே காணாமல் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பெரியப்பா பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். சேலைக்கரையில் யானையையும் மயிலையும் வரிசை கட்டி நடக்க வைப்பது பிழைப்பு. மாடியில் ரயில் ஓட வைப்பது பைத்தியம். இரண்டு பெரிய பிளைவுட் பலகைகளைச் சேர்த்து அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தார். தறிக்கு டிசைன் சொல்லும், ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளில் பழசானவற்றை வெட்டித்தான் பிளாட்பாரங்கள். அட்டையில் இருக்கும் ஓட்டைகளை அடைக்க அவருக்குப் பொறுமை இல்லை. அதனால் எங்கள் ரயில் நிலையங்கள் எல்லாம் அம்மை வார்த்ததுபோல் இருக்கும். "குழந்தைங்க வெளாட்ற சாமானெல்லாம் மேல வச்சிக்கினு, குழந்தைய கீழ வெரட்றாரு" என்பாள் பெரியம்மா.

வெரட்டப்பட்ட குழந்தை நான்தான். ரயிலைத் தொடக்கூடாது, பலகைமேல் சாயக்கூடாது, முக்கியமாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கறுப்புக் குமிழ் பக்கமே போகக்கூடாது. நான் அந்தக் குமிழைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்பட்டதாக நினைவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் மாடியில் கூடுவார்கள். பெரியப்பா, திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வரும் பல் டாக்டர், ஓரிக்கை மாமா. அந்த மாதம் யார் என்ன வாங்கினார்கள் என்று காட்டுவதற்கான கூட்டம். போட்டோ முன்பே வாட்ஸப் குழுவில் வந்திருக்கும். இருந்தாலும் யாருமே பார்த்திராததுபோல், புது எஞ்சினைப் பட்டுத் துண்டு ஒன்றால் மூடித் தண்டவாளத்தில் வைப்பார்கள். பெரியப்பா அந்தத் திரையை மெல்ல விலக்குவார். பல் டாக்டர் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் குறை.

அதற்குப் பிறகு மண்டகப்படி. எங்கள் ஊரில் சாமி புறப்பாட்டின்போது, உபயக்காரர்கள் இருக்கும் இடத்திலெல்லாம் சாமி நின்று, படைப்பதை ஏற்றுக்கொண்டுதான் நகரும். அந்த வழக்கத்தை அப்படியே மாடிக்கு ஏற்றிவிட்டார் பெரியப்பா. மூன்று பேருக்கும் அவரவர் ஊர்ப் பெயரில் ஒரு ஸ்டேஷன். புது ரயில் முதல் சுற்றில் மூன்று ஸ்டேஷனிலும் நிற்க வேண்டும். அந்தந்த ஸ்டேஷன்காரர் பிளாட்பாரத்தில் ஒரு கல்கண்டு வைப்பார். ரயிலை வாங்கியவர் மட்டுமே ஓட்டலாம். சுற்று முடிந்ததும் கல்கண்டு மூன்றும் எனக்கு. குமிழுக்கு ஏங்கியவளுக்குக் கல்கண்டு.

ஓரிக்கை மாமா எங்களுக்கு உறவில்லை. வாய் நிறைய மாமா, அவ்வளவுதான். நெசவாளர் சொசைட்டியில் வேலை. வெயிலோ மழையோ குடை, கையில் மஞ்சள் பை. "எங்க ஊருக்கு நெஜ ரயில் வரப்போறதில்ல பாப்பா. இங்கயாவது வந்து நிக்கட்டுமே" என்று சொல்லி, அந்த ஸ்டேஷனை ஆசை ஆசையாகக் கட்டினார். கடைசியாக என் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பொம்மை செய்து பெஞ்சில் ஒட்டினார். வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, மடியில் மஞ்சள் பை, பக்கத்தில் ஜரிகை நூலைப் பிடியாக வைத்த கறுப்புக் குடை. "நான்தான். வண்டிக்குக் காத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அந்தக் கோடையில் அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு ரயில் வரவழைத்தார். பெட்டிகளுக்குள் விளக்கெரியும் பாசஞ்சர் வண்டி. குழுவில் அதன் படத்தைப் போட்டு, "கெளம்பிடுச்சு" என்று எழுதினார். அதுதான் அவர் கடைசியாக எழுதியது. பார்சல் வந்துவிட்டதா என்று தபால் ஆபீசில் கேட்கப் புறப்பட்டவர், பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மடியில் பை, கையில் குடை. தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லையாம். பஸ்கள் வந்து வந்து போயிருக்கின்றன.

பெரியவர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதிலிருந்து மாடி பெஞ்சில் இருந்த பொம்மையைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. போகிற வருகிற போதெல்லாம் கதவிடுக்கு வழியாக ஒரு பார்வை. அவர் அங்கேயே காத்திருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்சநாள் கழித்து, கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அத்தை வந்தார். ஓரிக்கை மாமாவின் மனைவி. அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். கையில் பிரிக்காத பார்சல்.

"அவரு போனப்பறம் வந்துச்சுண்ணா. கையெழுத்து நான்தான் போட்டேன்" என்று பெரியப்பாவிடம் நீட்டினார். "வூட்ல வச்சிக்க முடியல. ராத்திரில அதுக்குள்ள ஏதோ ஆட்ற மாதிரியே இருக்குது."

பெரியப்பாவும் பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாத ஆண்கள் செய்வதையே அவர்களும் செய்தார்கள், பார்சலைப் பிரித்தார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்டவாளத்தில் கோத்தார்கள். பட்டுத் துண்டால் மூடினார்கள். முதல் ஸ்டேஷனில் பெரியப்பாவும் இரண்டாவதில் பல் டாக்டரும் கல்கண்டு வைத்தார்கள். ஓரிக்கையில் வைக்க ஆளில்லை. அத்தை அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பெஞ்சுப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அவரா?" என்று கேட்டார்.

"அவரே செஞ்சதுமா" என்றார் டாக்டர்.

அத்தை யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "அன்னிக்குக் காலையில சண்ட. எப்பப் பாத்தாலும் ரயிலு ரயிலுன்னு இருக்கியே, அந்த ரயில்லயே ஏறிப் போயிடுன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல. கொடைய எடுத்துக்கினு போயிட்டாரு."

எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. மே மாத மதியம், மேலே மின்விசிறி சுற்றியும் வேர்த்து ஊற்றுகிற அறை அது.

அடுத்து யார் ஓட்டுவது என்ற கேள்வி வந்தது. வாங்கியவர்தான் ஓட்ட வேண்டும், வாங்கியவர் இல்லை. அவர் வீட்டாள் ஓட்டலாம் என்று பெரியப்பா சட்டத்தைத் தளர்த்தினார். அத்தை தலையாட்டி மறுத்துவிட்டு, கதவருகே நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"பாப்பா ஓட்டட்டும்ணா. இந்தப் புள்ளமேல அவருக்கு ரொம்ப உசுரு."

அப்படித்தான் அந்தக் குமிழ் என் கைக்கு வந்தது. எத்தனையோ நாள் ஆசை. கிடைத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடினால் போதும்போல் இருந்தது.

பெரியப்பா குனிந்து என் காதருகில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "மொத ரெண்டு ஸ்டேஷன்ல நிறுத்து. ஓரிக்கையில நிக்கக்கூடாது. துக்க வூட்டுக்கு இந்த வருஷம் மண்டகப்படி கெடையாது." கோயிலிலும் அப்படித்தான் என்றார். உண்மையா என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. விளையாட்டுக்கென்று உண்டாக்கிய சட்டத்தை இப்படி ஒரு நாளில் ஒருவர் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்றால் அது எங்கள் பெரியப்பாதான்.

"நிக்காமலே போயிடுமா?" என்று கேட்டார் அத்தை.

"மொற அப்படிமா" என்றார் பெரியப்பா. அத்தை நாற்காலியைப் பலகையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பெட்டிகளின் விளக்கு தெரிய வேண்டுமென்று டாக்டர் ஜன்னல்களையும் கதவையும் சாத்தினார். பெரியப்பா திரையை விலக்கினார். நான் குமிழைத் திருப்பினேன். ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் வெளிச்சத்தோடு வண்டி கிளம்பியது. பார்க்க அவ்வளவு அழகு. சின்ன காஞ்சிபுரத்தில் நின்றது, திருப்பருத்திக்குன்றத்தில் நின்றது. அட்டைக் குகைக்குள் போய் வெளியே வந்தது. அடுத்தது ஓரிக்கை. நான் குமிழை இறுகப் பிடித்துக்கொண்டேன், அது தானாகத் திரும்பிவிடுமோ என்ற பயத்தில்.

வண்டி ஓரிக்கையில் நின்றது.

மின்விசிறியும் நின்றது. அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. கைத்தறிக்குக் கரண்ட் எதற்கு? "நிறுத்தாதேன்னேனே" என்றார் பெரியப்பா. "நான் நிறுத்தல பெரியப்பா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "கரண்ட் போச்சுபா" என்று டாக்டர் சொன்னார். ஆனால் கரண்ட் போன பிறகும் வண்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியின் கதவு சரியாகப் பெஞ்சுக்கு எதிரில். உள்ளேயிருந்த வெளிச்சம் பொம்மையின் நீலச் சட்டைமேலும் மஞ்சள் பைமேலும் விழுந்தது. காத்திருந்தவர் வண்டியைப் பார்த்துவிட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு விளக்குகள் கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக மங்கின. எஞ்சின் பக்கத்து விளக்கும் அணைந்தபோது அறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டில் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பெட்டிக் கதவு சாத்துகிற சத்தம்.

மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. குமிழ் நான் வைத்த இடத்திலேயே இருந்ததால் வண்டியும் நகர்ந்தது. விளக்குகள் எரிந்தன. ஓரிக்கையைத் தாண்டி, ஜன்னல் ஜன்னலாக ஒளி காட்டிக்கொண்டு அது குகைக்குள் நுழைந்தது. பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்திருந்த இடத்தில் பசை மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி. குடை அங்கேயே சாய்ந்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் வண்டியை யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது. டாக்டர் ஜன்னல்களைத் திறந்தார். செல்போன் வெளிச்சத்தில் பலகைக்கு அடியில் தவழ்ந்து தேடினார். பெரியப்பா வண்டியைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். அந்தப் பெரிய மனுஷர் பெட்டிக்குள் பார்த்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. அப்படியானால் அவருக்கும் அந்த எண்ணம்தானே? அத்தை மட்டும் பதறவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ரயில நீங்களே வச்சிக்கங்கண்ணா. எனக்கு வாணாம்" என்று சொல்லி எழுந்தார்.

கீழே பெரியம்மா காபி கொடுத்தாள். அத்தை டம்ளரை இடது கையில் வாங்கினார். இடது கையை நீட்டியதற்காகத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. வாசலில் என் கன்னத்தைத் தடவியதும் இடது கைதான். "இன்னா பண்றோம்னே தெரியாம இருக்கா பாவம்" என்றாள் பெரியம்மா, அவர் தெரு திரும்பியதும். கரண்ட் போனதைப் பற்றிச் சொன்னபோது என்னை ஒருமாதிரி பார்த்தாள். "கரண்டா? இங்க ஃபேன் ஓடிக்கினே இருந்துச்சே."

மாடிக்கு மட்டும் ஒரு ஃபேஸ் போயிருக்கும் என்றார் டாக்டர். விளக்கு எரிந்ததற்கும் வண்டிக்குள் ஏதோ இருக்கிறது, கொஞ்சநேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஆனால் ஏன் சரியாக அந்த நேரத்தில், அந்த இடத்தில்? அந்த ரயிலை அதன்பின் யாரும் ஓட்டவில்லை. பட்டுத் துண்டால் மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்கள். மாமா ஏறிப் போய்விட்டார் என்று நான் திடமாக நம்பினேன். அத்தை போகச் சொன்னார், வண்டி வந்தது, போனார். அந்தத் துண்டு காற்றில் அசைந்தால்கூட மாடிப்படியில் தடதடவென்று இறங்கிவிடுவேன்.

போன வருடம் என் கல்யாணப் பத்திரிகை வைக்க ஓரிக்கைக்குப் போனேன். அத்தைக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. டிவி ஸ்டாண்டில் மாமாவின் போட்டோ. அதன் முன்னால் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிமேல் வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, மடியில் மஞ்சள் பை. வாசலுக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நான் பார்ப்பதை அத்தை பார்த்தார். "கோந்து நல்லாப் புடிச்சிக்கினு இருந்துச்சு. இழுத்துதான் எடுத்தேன்" என்றார். பொம்மையின் பக்கம் திரும்பி, "வுட்டிருந்தா ஏறிப் போயிருப்பாருமா" என்றார்.

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் காபியை ஏன் இடது கையில் வாங்கினார் என்று அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. வலது கைக்குள் மாமா இருந்தார்.