மிச்சம் வைத்த சொல்

உலக்கை என்றால் என்னவென்று தெரியாத இரண்டு பெண்கள் எங்கள் குடும்பத்தில் இருப்பதாகப் பத்து வயதில் நான் உறுதியாக நம்பினேன். ஒருத்தி என் அம்மா. மற்றவள் அம்மாவின் அக்கா, தம்புள்ளையில் இருந்த என் பெரியம்மா.

உக்குவளையில் எங்கள் வீட்டிலும் அங்கேயும் ஒரே பத்திரிகைதான் வாங்குவார்கள். பாடசாலை விடுமுறை அது. காலையில் அம்மா வீட்டுக்குப் பின்னால் நெருப்பைப் பற்றவைத்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மரக்குற்றியின் மேல் வைப்பாள். அப்போது அவளுக்குக் கடை ரொட்டி போல வீட்டிலேயே பாண் சுடும் பைத்தியம் பிடித்திருந்தது. அப்பா வேலை செய்த கடையிலிருந்து ஒரு பழைய இரும்பு எண்ணெய்ப் பெரலைக் கொண்டுவந்து, படுக்கவைத்து, களிமண் பூசி அடுப்பாக்கிக் கொடுத்திருந்தார். முதலில் சுட்ட பாணை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்தது வெளியே கரி, உள்ளே பச்சை மா.

“என்னடி, இன்னைக்காவது பொங்குச்சா?” என்று பெரியம்மா தொடங்குவாள். படுத்த படுக்கையாக இருந்துகொண்டே ஈஸ்ட் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அதிகாரம் செய்வாள். பிறகு குறுக்கெழுத்து. இருவரும் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போய், தினமும் கடைசி ஒரு சொல்லில் வந்து நின்றுவிடுவார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று போனை வைப்பார்கள்.

பெரியம்மாவுக்குப் புற்றுநோய். கண்டிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறாள் என்பது எனக்கும் தெரியும். முடி கொட்டிய கோலத்தில் யாரும் தன்னைப் பார்க்க வரக்கூடாது, போனிலும் நோயைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் பாணையும் கட்டத்தையும் விட்டால் அவர்களுக்கு வேறு பேச்சில்லை. எனக்கு அது அசட்டுப் பேச்சாகப் பட்டது. அதைவிட எரிச்சல், அவர்கள் விட்டுவைக்கும் சொல். கஷ்டமானதையெல்லாம் கண்டுபிடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததில் போய் முழிப்பார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எனக்குத் திமிரும் கொஞ்சம் அதிகம்.

அன்று மேலிருந்து கீழ், நெல் குற்ற உதவுவது, நான்கு எழுத்து. அம்மா பேனையை மூடினாள்.

“இது வரலக்கா.”

“எனக்கும் வரலடி.”

எனக்குப் பொறுக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, “உலக்கை!” என்று கத்தினேன். அதோடு விட்டேனா? அம்மாவின் பேனையைப் பிடுங்கி நான்கு கட்டத்திலும் எழுதியும் வைத்தேன்.

அந்தப் பக்கம் பெரியம்மா சிரித்தாள். “கெட்டிக்காரிடி ஒம் மக. முழுசா முடிச்சிட்டா. இனி நாளைக்கு எதுக்குப் பேசுறது?”

“புதுப் பேப்பர் வரும் தானேக்கா” என்றாள் அம்மா, கெஞ்சுவது போல.

“வரும், வரும்” என்று பெரியம்மா வைத்துவிட்டாள்.

ஒரு சொல் மிச்சமிருந்தால் மறுநாளும் பேசியே தீர வேண்டும். அக்காவும் தங்கையும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு அது. எனக்கு எப்படித் தெரியும்? அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பெரலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாண் கருகி மணத்த பிறகும் எழும்பவில்லை.

மறுநாள் போனை எடுத்தது பெரியப்பா. விடியவே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பத்து நாளில் பெரியம்மா போய்விட்டாள். கொண்டுபோனது நோய்தான், நானல்ல. அது இன்று நன்றாகத் தெரிந்தும் மனது ஆறுவதில்லை.

மரண வீட்டில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வந்தவர்களிடமெல்லாம் போய், பெரியம்மாவின் கடைசிக் குறுக்கெழுத்தை முழுசாக முடித்துக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அதைக் கேட்டதும் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என்னை நினைத்துப் பெருமையில்தான் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் அடுத்து வந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.