ஸ்டீல்ஸ் தாண்டிப் போன ஐந்து வாக்குகள்

ஞாயிறு காலை 11.05. வோர்டன் வீதியும் லோரன்ஸும் சந்திக்கும் பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் ஐந்து பேர் குளிரில் நின்றோம். பக்கத்து வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் புதன்கிழமைதோறும் கூடும் எங்கள் முதியோர் சங்கத்துக்கு அன்று தலைவர் தேர்தல். அதைத் தொலைவில் வடக்கே, அடுத்த நகரான மார்க்கத்தில் வைத்திருந்தார்கள். இதைக் கேட்டு உங்களுக்குக் கோபம் வராவிட்டால் உங்களிடம் கார் இருக்கிறது என்று அர்த்தம்.

மூவர் போட்டியிட்டார்கள். நடராசா வென்றால் சங்கம் நிரந்தரமாக மார்க்கத்துக்குப் போய்விடும். எங்கள் யோகேஸ்வரியும் பத்மநாதனும் வெக்ஸ்போர்ட்டிலேயே வைத்திருப்பார்கள். பிறகு பத்மநாதன் எதற்குக் குறுக்கே வந்தார்? தலைவர் கதிரை ஆசை, வேறென்ன!

11.20க்கு பஸ் வந்தது. முதியோர் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். என்னருகில் செல்வராணி அக்கா. எழுபத்தொன்பது வயது, தனியே வாழ்பவர். இப்போதைய மண்டபத்துக்கு அவர் முதியோர் ஊன்றி நடக்கும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நாலு நிமிடத்தில் நடந்துவிடுவார்.

“தம்பி, இந்த முறை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு நம்பர் போடவேணுமாம். எனக்கு விளங்கேல்லை.”

“ஒண்டை மட்டும் போடுங்கோ அக்கா. யோகேஸ்வரிக்கு. ரெண்டைப் பத்மநாதனுக்குப் போட்டா எங்கடை ஆளுக்குத்தான் அடி. அந்தப் பத்மநாதனுக்கு ஒரு கோடு கூடக் கீறக்கூடாது.”

மற்ற மூன்று பெண்களும் தலையாட்டினார்கள். ஊரில் எத்தனை தேர்தல் பார்த்தவன் நான்!

எட்டுக் கிலோமீற்றரில் எங்கள் நகரத்தின் எல்லையான ஸ்டீல்ஸ் வீதி. எங்கள் பஸ் அங்கே திரும்பிவிட்டது. வடக்கே போகும் அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் நின்றோம். அக்காவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மேஜர் மக்கென்சி வீதியில் இறங்கினால் மண்டபத்துக்கு இன்னும் கால்மணி நேர நடை. நடைபாதையெங்கும் வீதியிலிருந்து வழித்துத் தள்ளிய பனி. அக்காவை மற்றப் பெண்கள் கைபிடித்துக் கூட்டிவர, தள்ளுவண்டியை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன், நடராசாவின் பரம்பரையையே திட்டியபடி. வாகனத் தரிப்பிடம் நிறையக் கார்கள்.

1.25. வாக்களிக்கும் முறையை விளக்கி முடித்திருந்தார்கள். தேர்தலை நடத்திய சிவகுமார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுந்து வந்தார்.

“பிந்தி வந்திட்டியள். திருப்பிச் சொல்லட்டோ அண்ணை?”

“நாங்கள் பார்க்காத எலெக்ஷனோ? சீட்டைத் தாரும்!” என்று பாய்ந்தேன்.

ஐந்து பேரும் ‘1’ மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டோம்.

2.30க்கு எண்ணினார்கள். நடராசா 40, பத்மநாதன் 29, யோகேஸ்வரி 21.

“ஒருத்தருக்கும் பாதிக்கு மேலை இல்லை,” என்றார் சிவகுமார். “கடைசியா வந்த யோகேஸ்வரி அக்கா விலகுறா. அவவுக்கு ஒண்டு போட்டவை ஆருக்கு ரெண்டு போட்டிருக்கினமோ, அந்தச் சீட்டு இப்ப அவருக்குப் போகும்.”

 இருபத்தொரு சீட்டில் பத்து பத்மநாதனுக்குப் போயின, இரண்டு நடராசாவுக்கு. மீதி ஒன்பதில் ‘2’ இல்லை. அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தார்கள். நடராசா 42, பத்மநாதன் 39. நடராசா வென்றுவிட்டார்.

“ரெண்டு போட்டா யோகேஸ்வரிக்குப் பாதிப்பெல்லோ?” என்று கத்தினேன்.

“அவ போட்டியில நிக்குமட்டும் உங்கடை ரெண்டை நாங்கள் பார்க்கவே மாட்டம் அண்ணை. இதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள்தான் வேண்டாமெண்டியள்.”

அவரை அறையலாம் போலிருந்தது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஒதுக்கிய ஒன்பதில் ஐந்து எங்களுடையவை. முப்பத்தொன்பதும் ஐந்தும் நாற்பத்துநாலு. சின்னப்பிள்ளைக் கணக்கு.

4.10. திரும்பும் பஸ். மார்க்கத்தின் பெரிய வீடுகள் பின்னால் போயின. ஸ்டீல்ஸில் பஸ் மாறி ஏறியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நாங்கள் ரெண்டைப் பத்மநாதனுக்குப் போட்டிருந்தா சங்கம் இங்கயே இருந்திருக்குமோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப ஏன் போடவேண்டாமெண்டனீர்?”

போகும்போது பதினாறு கிலோமீற்றரும் பஸ்ஸையும் பனியையும் நடராசாவையும் திட்டிக்கொண்டு போனவன், இப்போது அக்காவின் தள்ளுவண்டியை மடித்து முழங்காலில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். லோரன்ஸில் தள்ளுவண்டியை விரித்துக் கொடுத்தேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் குளிருக்குள்ள நான் இனி மார்க்கம் போகமாட்டன். புதன்கிழமையில பத்து மணிக்கு நீர் என்ரை வீட்டை வாரும். எனக்குக் கதைக்க ஆள் வேணும்.”

“வாறன் அக்கா,” என்றேன்.