பணம் கட்டாதவருக்கு மூன்றாவது கடிதம்

என் அண்ணியை எங்கள் தெருவில் மூடியம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. எனக்கு உண்டு. ஆனால் நான் நாத்தனார், நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அவள் விற்பது மூடிதான். டீ பாட் மூடி, சர்க்கரைக் கிண்ண மூடி, கூடவே தட்டில்லாத கப், கப்பில்லாத தட்டு. இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய பீங்கான் கடையில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். “செட்டுல ஒண்ணு உடைஞ்சுபோச்சு, அது மட்டும் கிடைக்குமா?” என்று வருகிறவர்களிடம் “தனியாக் கிடைக்காதுங்க” என்று சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்தவள். கடையை இழுத்து மூடியபோது அந்த ஆட்களை நினைத்துக்கொண்டுதான் இந்த வியாபாரத்தில் இறங்கினாள். காலி செய்கிற வீடுகளுக்குப் போய் அரைகுறை செட்டுகளை வாங்கி வருவாள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து ஆன்லைன் ஏலத்தில் போடுவாள். ஏழு நாள் ஆளாளுக்கு விலை ஏற்றுவார்கள். கடைசியில் யார் அதிகம் சொன்னாரோ அவருக்கு. மூடிக்கு ஏலமா என்று ஆரம்பத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். “உன் வீட்டு மூடி உடையட்டும், அப்புறம் பேசலாம்” என்றாள். பதினொரு வருடமாக அந்த மூடிகளில்தான் அவர்கள் வீடு ஓடுகிறது, பாதியாவது.

இதில் ஒரே தலைவலி, ஜெயித்துவிட்டுக் கம்பி நீட்டுகிறவர்கள். கடைசி நிமிடம் வரை முட்டிமோதி விலையை ஏற்றுவார்கள். ஜெயித்ததும் ஆளைக் காணோம். கேட்டால் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, கார்டு வேலை செய்யவில்லை, குழந்தை தெரியாமல் அமுக்கிவிட்டது. ஒருவர் மாமியார் இறந்துவிட்டதாக எழுதினார். ஆறு மாதம் கழித்து இன்னொரு தட்டை ஜெயித்துவிட்டு அதே மாமியாரை மறுபடியும் சாகடித்தார். அண்ணி அதற்கும் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று பதில் போட்டாள். நானாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

அவளுடைய வழி வேறு. மூன்று கடிதம். இரண்டாம் நாள் ஒன்று, நான்காம் நாள் ஒன்று, ஆறாம் நாள் ஒன்று. முதலில் நோட்டில் கையால் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மூன்றுக்கும் அசையாத ஆளைப் பற்றித்தான் ஏலக் கம்பெனிக்குப் புகார் போகும். ஏலம் ரத்தாகும், அந்த ஆள் தடைப்பட்டியலில் சேருவார், இரண்டாவதாக வந்தவரிடம் ‘இப்போது வேண்டுமா’ என்று கேட்கலாம். “புகார் கவுண்டர்ல முதல்ல கத்துறவங்கதான் தோப்பாங்க” என்பாள். அவள் கத்தி நான் பார்த்ததில்லை.

என் அண்ணன் பஸ் டிரைவர். அவர்கள் மாடியில், நான் கீழே. போன வருடம் இரண்டு தடவை பஸ்ஸைக் கம்பத்தில் உரசினான். டெப்போவில் அவனைக் கூப்பிட்டு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாஸ்பத்திரியில் காட்டியதில் புரை என்று அண்ணி வந்து சொன்னாள். இருபதாம் தேதி ஆபரேஷன், அதற்கு முன்னால் பணம் கட்டியாக வேண்டும்.

அண்ணியிடம் முழுதாக ஒரே ஒரு செட் இருந்தது. நீலக் கோடு போட்ட டீ செட், இருபத்தொரு உருப்படி. ஒன்பது வருடம் தேடி ஒவ்வொன்றாகச் சேர்த்தது. விற்பதற்கில்லை என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். அதைத் தூக்கி ஏலத்தில் போட்டாள். “வெறும் புரைதானே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதைப் போய் ஏன் விக்கிறே?” என்று அண்ணன் மன்றாடிப் பார்த்தான். இந்த மாதமேதான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

ஏலம் முடிகிற சாயங்காலம், தேவைப்பட்டதில் பாதியிலேயே விலை படுத்துக் கிடந்தது. அண்ணி பார்க்கத் தாங்காமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. தன் போனில் ‘ஜன்னல்சீட்’ என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, தன் பங்குக்கு ஒரு படி ஏற்றிவிடலாம் என்று போனான். எதிராளி மறுபடி ஏற்றுவார், நாம் விலகிக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்தத் தளத்தில் நம் உச்ச விலையைப் போட்டுவிட்டால் போதும், எதிராளியின் உச்சத்தைத் தாண்டும்வரை அதுவே ஏறிக்கொள்ளும். மங்கிய கண்ணோடு தடவித் தடவி அடித்ததில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. விலை விறுவிறுவென்று ஏறியது. எதிராளியின் உச்சத்தைத் தாண்டி ஒரு படி மேலே போய், ஜன்னல்சீட் பெயரில் நின்றது. நேரமும் முடிந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்து பார்த்த அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போட்ட சத்தம் கீழே எனக்குக் கேட்டது.

இரண்டாம் நாள் அண்ணன் திருதிருவென்று முழித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான், கையில் போன். “இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். எழுத்து பொடிசா இருக்கு.”

படித்தேன். ‘ஜன்னல்சீட் அவர்களுக்கு, வாழ்த்துகள். நல்ல பொருள் நல்ல கைக்குப் போவதில் மகிழ்ச்சி. வசதிப்படும்போது பணத்தைச் செலுத்தவும். நன்றி.’

“இது அண்ணியோட லெட்டராச்சே. உனக்கு எதுக்கு வந்துச்சு?”

சொன்னான். வீட்டு ஆளே விலை ஏற்றுவது அந்தத் தளத்தில் பெரிய குற்றம், அண்ணியின் கணக்கையே மூடிவிடுவார்கள்.

“போய்ச் சொல்லிடு அண்ணா.”

“எப்படிச் சொல்றது? அவ மூஞ்சியில சிரிப்பைப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஆறு நாள் வாயை மூடிட்டு இருந்தா அவளே ரத்து பண்ணிட்டு ரெண்டாவது ஆளுக்குக் குடுத்துடுவா. நான்னு தெரியவே வேணாம்.”

வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. நான்காம் நாள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ‘உங்களுக்கு ஏதேனும் சிரமமா? சொன்னால் இரண்டு நாள் பொறுக்கலாம்.’ மாடியில் அந்தச் சிரிப்பு போய்விட்டிருந்தது. ஜன்னல்சீட்டை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அண்ணிக்கு ஆறுதலாக. அண்ணனும் சேர்ந்து திட்டினான்.

ஆறாம் நாள் மதியம் மூன்றாவது வந்தது. நீளமாக இருந்தது. நான் வழக்கம்போலச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

‘ஜன்னல்சீட் அவர்களுக்கு, நீங்கள் பேசாமல் இருக்க ஏதோ காரணம் இருக்கும். நான் அவசரப்படவும் ஒரு காரணம் இருக்கிறது. வாங்குகிறவர்களிடம் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. என் கணவருக்குக் கண்ணில் புரை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது புரை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு...’

நிறுத்திவிட்டேன்.

“படி” என்றான் அண்ணன்.

“அவ்வளவுதாண்ணா.”

“பொய் சொல்லாத. அவ நன்றின்னு போடாம முடிக்கமாட்டா. படி.”

‘வலது கண்ணையாவது இந்த மாதத்துக்குள் காப்பாற்ற வேண்டும். அவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். சொன்னால் உடைந்துபோவார் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறேன். உங்களிடம்தான் முதன்முதலில் சொல்கிறேன். உங்களால் முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டேன். நன்றி.’

இத்தனை நாள் அண்ணி அடம்பிடிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் அவளைக் கரித்துக்கொட்டியதும் நான்தான். அண்ணன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏறினான். நானும் பின்னாலேயே போனேன்.

அண்ணி மேஜையில் அடுத்த ஏலத்துக்கான மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஜன்னல்சீட் நான்தான்.”

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவனால் கடிதம் படிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். யார் படித்தது என்று கேட்கவில்லை. எந்தக் கடிதம் வரை என்றும் கேட்கவில்லை.

“எவ்வளவு போட்டீங்க?”

சொன்னான்.

“ஆத்தாடி! அவ்வளவுக்கு நம்ம வீட்டையே வாங்கலாமே” என்றாள். “சரி, முதல்ல வேலையை முடிப்போம்.”

நோட்டை எடுத்து, ஏலக் கம்பெனிக்கு ஒன்றுவிடாமல் உள்ளதை உள்ளபடி எழுதினாள். எதற்கு அதைச் சொல்லித் தொலைக்க வேண்டும் என்று நான் குதித்தேன். கேட்கவில்லை. இரண்டாவதாக வந்தவருக்கும் எழுதினாள். அண்ணன் தலையிடுவதற்கு முன்னால் என்ன விலை நின்றதோ, அதே விலைக்கு. “அந்த ஆள் மனசுல வச்சிருந்த உச்சத்தை இவர்தான் வெளிய இழுத்துட்டாரு. அதை நான் கேக்கக் கூடாது” என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குறைந்த பணத்தை நானே போட்டேன், என் வீட்டுக்காரருக்கு அது இப்போதுதான் தெரியப்போகிறது. கம்பெனியில் பதினொரு வருடச் சுத்தமான கணக்கு என்று ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். இரண்டாவது ஆள் மறுநாள் காலையிலேயே பணம் கட்டிவிட்டார். கட்டுகிறவர்களைப் பற்றி எழுத ஒன்றுமே இருக்காது. இருபதாம் தேதி ஆபரேஷன் நடந்தது. வலது கண் பிழைத்துக்கொண்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது, பணம் வந்த அன்று மூன்று பேரும் அந்தச் செட்டைப் பார்சல் கட்டியதை. அதுவரை அவர்கள் இருவரும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் காகிதம் கிழித்துக் கொடுக்க, அண்ணன் கப்புகளைச் சுற்ற, அண்ணி அவன் பக்கத்தில் நின்று பெட்டியில் அடுக்கினாள். நிமிராமலே கேட்டாள்.

“வலது கண்ணை மூடிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்போ?”

“நேத்து, படி ஏறும்போதே.”

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “ரெண்டு மாசமா உங்களுக்கு இடது பக்கமாவே வந்து வந்து நின்னேங்க. ஒரு தடவையாவது தானாத் திரும்ப மாட்டீங்களா, டாக்டர் சொன்னது தப்பா இருக்காதான்னு. நீங்க திரும்பவே இல்ல.”

அவள் அழுது அன்றுதான் நான் பார்த்தேன். அண்ணன் அவளைத் தொடக் கையை நீட்டினான், கை அலமாரியில் போய் இடித்தது. அப்போதும் அவள் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். அவன் உடம்பு முழுவதையும் திருப்பி, அவளைத் தேடிப் பார்த்து, கையைப் பிடித்துச் சுற்றி நடத்தி மறுபக்கம் கொண்டுவந்து நிறுத்தினான்.

“இனிமே இந்தப் பக்கம் நில்லு” என்றான்.