பின் இருக்கையில் விதைநெல்

எங்கள் விதைநெல் கம்பெனியின் தஞ்சாவூர் மேலாளர் கஞ்சி போட்ட சட்டைக்காரர். கம்பெனி கொடுத்த காரின் பின் இருக்கையில் எப்போதும் ஒரு விதைநெல் மூட்டை இருக்கும். மூட்டை இருந்தால் எந்தப் பயணமும் அலுவல்தான் என்பது அவர் கணக்கு. கோயிலுக்கும் மூட்டையோடுதான் போவார்.

கணக்குப் பிரிவிலிருந்த நான் விளக்கினேன்: "சொந்த வேலைக்கும் ஓட்டினா, அந்தச் சலுகையும் உங்க வருமானத்துல சேரும் சார். அதுக்கான வரியைச் சம்பளத்துலயே பிடிச்சுக் கட்டிடுவோம்."

"கார் கம்பெனியோடது, வரி மட்டும் என்னோடதாம்மா?" என்றார்.

அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பெண்ணை நன்னிலத்தில் புகுந்த வீட்டில் விடக் கிளம்பும்போது, மூட்டையைத் தாமே இறக்கி வைத்தார்.

"இது சொந்த வேலைம்மா. வரியைப் பிடிச்சுக்குங்க."

வருமான வரியை அவ்வளவு பெருமையாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை.