அங்கே சுவர் இருக்கிறது என்று எழுதச் சொன்னவர்

கிருபையம்மாள் இறந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் எட்வின் செல்போனில் கூப்பிட்டான். "சார், அம்மா போயிட்டாக" என்றான். அச்சகத்தில் வேலைக்கு நடுவே நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி, லேபிள் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நோட்டுகளை மூடி வைத்தேன். மறுபடி திறந்தேன். ஒரு வரியும் கண்ணில் ஏறவில்லை.

நம் சபையாராகிய நீங்கள் ஞாயிறுதோறும் அவரை ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் பார்த்திருப்பீர்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவர் சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிள்களைச் சரிபார்த்தார். சீட்டுக் கட்டைப் புரட்டுவது போல விரல் ஓடும். நிறம் விலகிய ஒரு தாள் வந்தால் விரல் தானாக நின்றுவிடும். கோயிலில் அவர் குரல் பாட்டில் மட்டுமே கேட்கும். அப்படிப்பட்டவர்தான் நம் சபையை ஆறு வருடம் நிம்மதியாக இருக்க விடவில்லை. உங்களில் சிலருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

சுனாமிக்கு முந்தைய வருடம், நம் திருச்சபையின் பேரவை மதுரையில் கூடியது. சாத்தூர்ப் பக்கத்துச் சீர்திருத்தச் சபை ஒன்றை நம் சகோதரி சபையாக ஏற்பதா என்பது பொருள். ஏற்றுக்கொண்டால் அவர்கள் போதகர் நம் பீடத்தில் பிரசங்கிக்கலாம், அவர்களும் நாமும் ஒரே திருவிருந்தில் அப்பமும் ரசமும் பகிரலாம். அவர்களுடைய விசுவாச அறிக்கையை வைத்துக்கொண்டு நம்முடையதோடு வரிவரியாக ஒப்பிட்டேன். எழுத்து பிசகாமல் ஒன்றாக இருந்தது. நம் சபையின் செயலாளராக, ஏற்கலாம் என்று நான் கை தூக்கினேன். அடுத்த ஞாயிறு அதை அறிவித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆராதனை முடிந்து கிருபையம்மாள் என்னிடம் வந்தார்.

"சார், அந்தச் சபைக்குப் போயிருக்கீகளா?"

"இல்லம்மா. அவங்க அனுப்பின எல்லாத்தையும் படிச்சேன்."

"அவுக கல்லறைத் தோட்டத்துல நடுவுல சுவரு இருக்கு. எங்க அக்காவ அந்த ஊர்லதான் கட்டிக் குடுத்தது. சுவத்துக்கு அந்தப் பக்கம் கெடக்கா."

அது அந்தக் காலத்து விஷயமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்க கம்பெனியில தாளப் பாக்காம பாஸ் போட்டா மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்பாக சார். ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டு அவரோடு பஸ் ஏறினேன். பஸ் முழுக்க இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "நீங்களும் கோயிலுக்காம்மா?" என்று கிருபையம்மாளைக் கேட்டார். "இல்ல தாயி, எங்க அக்காளப் பாக்கப் போறேன்" என்றார் இவர்.

ஊருக்குள் அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் எங்களை வரவேற்றார். என்னிடம் முதலில் கேட்டது, "சாருக்குப் பூர்வீகம் எந்த ஊரு?" சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. கிருபையம்மாள் நின்றுகொண்டே இருந்தார். நான் டீயைக் குடித்தேன். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு மூப்பர் என்னைப் பெரிய கேட் வழியாகக் கூட்டிப்போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் கிருபையம்மாளைக் காணவில்லை. நெஞ்சு உயரத்தில் ஒரு சுவர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. அவர் அந்தப் பக்கம் நின்றார். யாரும் சொல்லாமலே, கால் பழகிய வழியில் பின்பக்கத்துச் சின்ன வாசல் வழியாக வந்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஈரம் காயாத புதுக் குழிகள் இருந்தன.

"பழைய ஆளுக கட்டுனது சார். இப்ப யாரும் அப்படி நெனைக்கிறதில்ல" என்றார் மூப்பர்.

அக்காவின் கல்லறையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கியபடி கிருபையம்மாள் கேட்டார்: "நெனைக்கலைன்னா சுவத்துக்கு எதுக்குய்யா வருசா வருசம் வெள்ளையடிக்கிறீக?"

மூப்பர் கேட் பக்கம் நடக்கத் தொடங்கினார். நானும் அவர் பின்னால் போனேன்.

பேரவைக்கு மனு எழுதினோம். எழுதியது நான். "ஆழ்ந்த மனவருத்தத்துடன் தெரிவிக்கிறோம்" என்று தொடங்கியிருந்தேன். நான் வாசித்துக் காட்ட, அவர் கேட்டுவிட்டு, "வருத்தம் நம்மகிட்ட இருக்கட்டும் சார். அங்கன சுவரு இருக்குன்னு எழுதுங்க, போதும்" என்றார். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து அதில் இல்லை. செயலாளர் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கோட்பாட்டில் ஒருமை இருக்கிறது, உள்ளூர் வழக்கங்கள் காலப்போக்கில் மாறும், அங்கீகாரம் தொடரும் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வாசித்த அன்று கோயிலுக்குள் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. கிருபையம்மாளையும் அழைத்தார்கள். அவர் போகவில்லை. காரணம் கேட்டேன். "நான் போயிட்டா இவுகளுக்கு லேசாப் போயிரும் சார்" என்றார்.

அந்தச் சபையின் போதகர் வந்து திருவிருந்து நடத்திய ஞாயிறுகளில் கிருபையம்மாள் வழக்கம்போல வருவார், பாடுவார். அப்பத்தட்டு தன்னிடம் வரும்போது எடுக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். முகத்தில் கோபம் இருக்காது. நான் எடுத்துச் சாப்பிட்டேன், ஒவ்வொரு முறையும். ஒருநாள் தாங்காமல், "என் மேல கோபமாம்மா?" என்று கேட்டேன். "நீங்க தூக்குன கைய நான் வந்து எறக்க முடியுமா சார்?" என்றார். பிறகு எட்வினுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தைப் பேசினார்.

அடக்கத்துக்கு அந்தச் சபையின் போதகரும் வந்திருந்தார். இளைஞர், நல்லவர், அந்தச் சுவரை அவர் கட்டவில்லை. குழியருகே நம் போதகர் அவரை முடிவு ஜெபம் செய்ய அழைத்தார். பேரவை முடிவுப்படி அதில் தவறில்லை. எட்வின் என்னைப் பார்த்தான். கிருபையம்மாள் இதைப் பற்றி எதுவும் சொல்லி வைக்கவில்லை.

நான் அந்த இளம் போதகரிடம் போனேன். "ஐயா, அங்க சுவர் இருக்கா?"

"இருக்கு சார். பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இருக்கு."

"அப்ப ஜெபம் வேண்டாம் ஐயா. எங்களோட நில்லுங்க."

அவர் வேதபுத்தகத்தை மூடிக்கொண்டு தலை குனிந்து நின்றார். போய்விடவில்லை. கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நம் போதகரே ஜெபித்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

துக்கத்துக்கு வந்த ஒரு நல்ல மனிதரை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று அன்று முதல் சிலர் என்னிடம் சொல்கிறார்கள். இருக்கலாம். கிருபையம்மாள் இருந்திருந்தால் அவரை ஜெபிக்க விட்டிருப்பாரோ என்றும் தோன்றுகிறது. அவருக்காகச் செய்தேனா, உயிரோடு இருந்தபோது செய்யாததற்காகச் செய்தேனா, தெரியவில்லை. பேரவையில் நான் கை தூக்கியது தவறு. அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். அங்கீகாரத்தைத் திரும்பப் பெறக் கேட்டு அடுத்த பேரவைக்கு எழுதியிருக்கிறேன். இந்த முறை முதல் கையெழுத்து என்னுடையது. அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது இந்த நிம்மதியின்மை ஒன்றுதான். அதைத் தணித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.